எலுமிச்சம்பழத்துக்கு விலக்கு இல்லை

ஓய்வு பெற்றபின் எனக்குச் சம்பளமில்லாத ஓர் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. காலையில் நடக்கப் போனாலும் சரி, கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தாலும் சரி, யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "சார், நீங்க இன்சூரன்ஸ்ல இருந்தவருதானே? காருக்கு எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்று கேட்டுவிடுகிறார். கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதும் இல்லை. "எல்லாம் ஒண்ணுதான் சார். எது கம்மியோ அதப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்" என்று தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கத் தொடங்கிவிடுகிறார். பரோட்டா தின்ன நாலு கடை விசாரித்து, எந்தக் கடை சால்னா உசத்தி என்று அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிற ஊர் இது. அதே ஆள், பாடுபட்டு வாங்கின காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது மட்டும் கைபேசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்திவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் என் மகள் கவிதாவும் இதே கேள்வியோடு வந்தாள். தெரிந்தவரிடம் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாள். அதன் பாலிசி முடியப்போகிறது. கைபேசியில் ஏழெட்டுக் கம்பெனிகளை வரிசையாக நிறுத்தி, "அப்பா, எதுன்னு சொல்லுங்க" என்றாள்.

"ஆயுத பூஜை வரட்டும். அன்னிக்குச் சொல்றேன்."

"நல்ல நாள் பாக்குறீங்களா? நீங்க எப்பப்பா இதெல்லாம் பாக்க ஆரம்பிச்சீங்க?" என்று சிரித்தாள்.

நல்ல நாளுக்காக நான் சொல்லவில்லை. மதுரைப் பக்கம் பரவை என்ற ஊரில் ஓர் ஆயுத பூஜையன்று தண்ணீரில் நின்ற கார் ஒன்றுதான் காரணம். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் என் வேலையைப் பற்றியும் என் மேடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் சர்வேயர். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. கார் மோதினால், கவிழ்ந்தால், மரம் விழுந்தால், தண்ணீரில் மூழ்கினால், நேரில் போய்ப் பார்த்து, என்ன சேதம், அது எப்படி வந்தது, பாலிசியில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுதிக் கொடுக்கிற ஆள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன், ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் பூசிக்கொண்டேன், பரீட்சை எழுதினேன், கம்பெனியில் சேர்ந்தேன். இவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். அங்கே கற்றதெல்லாம் வண்டியைப் பற்றி. வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்தது மதுரைக் கிளையில் கிளைம் மேலாளராக இருந்த மீனலோசனி மேடம்.

மேடம் ஒல்லி, குரலும் ஒல்லி. அந்தக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் அறைக்குள் போகுமுன் ஆறடி ஆள்கள்கூடச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். எங்கள் அறிக்கையை அவர் வாங்கிப் படிக்க மாட்டார். நாங்கள்தான் நின்றுகொண்டு வாய்விட்டு வாசிக்க வேண்டும். மேடம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். கண்ணைத் திறந்தால் போச்சு.

சேர்ந்த புதிதில் பேரையூர் ரோட்டில் ஒரு கார் புளியமரத்தில் மோதியதைப் பார்த்துவிட்டு வந்து, 'ஓட்டுநர் அதிவேகமாக வந்ததால்' என்று கம்பீரமாக வாசித்தேன். மேடம் கண்ணைத் திறந்தார்.

"வேகத்தப் பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"மேடம், பம்பர் இருக்கிற இருப்பப் பாத்தா..."

"பம்பரப் பாத்தீங்க. வேகத்த நெனச்சீங்க. பாத்தத மட்டும் எழுதிட்டு வாங்க."

திரும்பவும் பேரையூர் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டில் ஆட்டுக்கால் தடங்கள் குறுக்கே போயிருந்தன. டயர் தேய்ந்த தடம் அந்த இடத்தில் வளைந்திருந்தது. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்தவரைக் கேட்டால், "என் ஆட்டக் காப்பாத்தத்தேன் அந்தத் தம்பி மரத்துல விட்டாரு" என்றார். அன்றைக்கு எனக்கு மேடத்தின் மேல் வந்த கோபம், கிளைக்குத் திரும்புவதற்குள் மரியாதையாக மாறியிருந்தது. அந்தத் தம்பிக்குக் கிளைம் பணம் கிடைத்தது.

மேடத்தின் மேசையில் தாள் பறக்காமல் இருக்க ஒரு வளைந்த இரும்பு இருக்கும். கனெக்டிங் ராடு. இன்ஜினுக்குள் பிஸ்டனை மேலும் கீழும் தள்ளுகிற தண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டியின் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருகினால், பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. தண்டு வளைந்துவிடும், இன்ஜின் காலி. அதைவிடக் கொடுமை, அந்தச் சேதம் சாதாரணப் பாலிசியில் வராது. மழை செய்த சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பு. மழைக்குப் பிறகு நீங்கள் சாவியைத் திருகிச் செய்த சேதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு ஒன்று உண்டு. அதை யாரும் எடுப்பதில்லை, கொஞ்சம் கூட ஆகிவிடும் என்று. இதையெல்லாம் மேடம் பாலிசி எடுக்க வருகிறவர்களிடம் சொல்லி, அந்த வளைந்த தண்டைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். பலர் அதை டம்ளரைப் போல வாங்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள்.

மேடத்திடம் எங்களுக்குப் பிடிக்காதது ஒன்று உண்டென்றால் கிளைம் போன்தான். ஒரே ஒரு கைபேசி. அந்த நம்பர் எல்லாப் பாலிசியின் உறையிலும் ஒட்டப்பட்டிருக்கும். லீவு நாளில் யாராவது ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். அடித்தால் எடுத்தே ஆக வேண்டும். என் கொழுந்தியாள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து அது அலற, மேளச் சத்தத்தையும் மீறி என் மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை அவர் சாகும்வரை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மேடமே போனை வாங்கிக்கொண்டார். "நீங்கள்லாம் வீட்டுல பூஜையப் பாருங்க. என் வீட்டுல ஆயுதம்னா இதுதான்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தோம். லீவு முடிந்து பார்த்தால் போனின் முதுகில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

அன்று சாயங்காலம் பரவையிலிருந்து அந்தப் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. அழைத்தவர் சித்ரா. மஞ்சள் போர்டு வைத்த டாக்ஸி ஓட்டுகிறவர். முதலில் அவர் கணவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகுத்தண்டில் அடிபட்டு அவரால் நெடுநேரம் உட்கார முடியாமல் போனபின், சித்ரா லைசென்ஸ் எடுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கணவர், பிள்ளைகள், மாமனார் என்று அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு காரால்தான்.

கொட்டுகிற மழையில் தெரு ஓடையாகிவிட்டது. பூஜைக்காகக் கழுவி, மாலை போட்டு, பொட்டு வைத்து நிறுத்தியிருந்த காரின் பானெட் வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டது. "அம்மா, வண்டிய எடுத்து மேட்டுல விட்டுரவா?" என்று சித்ரா கேட்டிருக்கிறார். மழைச் சத்தத்தில் கேட்காது என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சாவியத் தொடாதீங்க" என்று மேடம் சொன்னார். "தண்ணி வத்தினாலும் தொடாதீங்க. யார் சொன்னாலும் தொடாதீங்க. எங்க ஆள் வந்து பாக்குற வரைக்கும் வண்டி அப்படியே நிக்கட்டும்."

இங்கேதான் எலுமிச்சம்பழம் உள்ளே வருகிறது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜையன்று வண்டியின் சாவியைச் சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். அன்றைக்கு வண்டிக்கு ஓய்வு. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை எடுத்து அதன்மேல் ஏற்றி நசுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் வருஷம் முழுக்க வண்டி படுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. டாக்ஸிக்காரர்களிடம் இதில் தர்க்கம் பேசி ஜெயிக்க முடியாது.

விஜயதசமிக்கு மறுநாள் நான் போனேன். தண்ணீர் வடிந்து தெருவில் சேறு மட்டும் இருந்தது. காரின் கதவுகளில் தண்ணீர் நின்ற கோடு தெளிவாகத் தெரிந்தது. உள்ளே இருக்கைகள் ஊறி நாறின. ஏர் ஃபில்ட்டர் ஈரம். ஆயில் பார்க்கிற குச்சியை உருவினால் ஆயில் இருக்க வேண்டிய கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. குனிந்து சக்கரத்தைப் படம் எடுக்கப் போனேன். நாலு சக்கரத்துக்கும் பின்னால் நாலு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன.

"வண்டி நகந்திருக்கேம்மா" என்றேன்.

"ராத்திரியே தண்ணி வடிஞ்சிருச்சு. காலையில தள்ளித்தேன் சார் ஏத்தினோம்" என்றார் சித்ரா. "கதவத் தெறந்து நியூட்ரல்ல போட்டோம். தெருவே வந்து தள்ளுச்சு. சாவிய நான் திருகவே இல்ல சார். அந்தம்மா சொன்னாங்கள்ல."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். என் அனுபவத்தில் சாவியைத் திருகிவிட்டுத் திருகவில்லை என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தவர்கள் ஏராளம். நான் எதையும் நினைக்கவில்லை. பழங்கள் நசுங்கியிருந்ததையும், தள்ளியதாக அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டு வந்தேன். மேடம் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

தொகை எங்கள் கிளையின் வரம்பைத் தாண்டியதால் எல்லாம் சென்னைக்குப் போக வேண்டும். மூன்றாம் நாள் அங்கிருந்து பதில் வந்துவிட்டது. 'படத்தில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கியுள்ளன. எனவே வண்டி இயக்கப்பட்டுள்ளது. உண்மையை மறைத்ததால் கிளைம் முழுவதையும் நிராகரிக்கலாம்.' எழுதிய அதிகாரி நம் தென்பாண்டிச் சீமைக்காரர். வடக்கிலிருந்து வந்த ஒருவராக இருந்தால் அந்தப் பழத்தைக் குப்பை என்று நினைத்து விட்டிருப்பார். இவருக்குத் தன் வீட்டு வாசலில் வருஷா வருஷம் பழம் நசுங்குகிற விதம் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

மேடம் போனை எடுத்தார். அந்த ஒல்லிக் குரலில், "சார், பழம் நசுங்கினதப் பாத்தீங்க. சாவியத் திருகினத நெனச்சீங்க" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கோபமாகச் சொல்லியிருக்க வேண்டும். மேடம் அசரவில்லை. "நம்ம பாலிசியில எலுமிச்சம்பழத்துக்கு விலக்கு எதுவும் இல்லையே சார். இன்ஜினத் தெறந்து பாத்துருவோம். ராடு வளைஞ்சிருந்தா நானே நிராகரிச்சுக் கையெழுத்துப் போடறேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னிக்கே போங்க. உள்ள தண்ணி நிக்குது. ஒவ்வொரு நாளும் துருப்பிடிக்கும். நாம யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இன்ஜின் செத்துரும்."

இன்ஜினைத் திறக்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தண்டு வளைந்திருந்தால் திறந்த செலவும் அவர் தலையில்தான். கிளைமும் போகும், பொய் சொன்னார் என்ற பெயரும் வரும். இதையெல்லாம் சித்ராவிடம் விளக்கினேன். நான் முடிப்பதற்குள்ளேயே சம்மதித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வாசலில் உட்கார்ந்திருந்த மாமனார் பெரியகருப்பனை ஒரு தரம் பார்த்துவிட்டு, என்னைத் தெருமுனைக்குக் கூட்டிப்போனார்.

"நான் தொடல சார். அது சத்தியம். ஆனா சாவி சாமி ரூம்புல இருந்துச்சு. விடியக்காலம் மாமாதேன் மொதல்ல எந்திரிச்சாரு. நான் வெளிய வந்து பாக்கையில கையில சாவியோட கார்கிட்ட ஒத்தையா நின்னாரு." குரல் இறங்கிவிட்டது. "வண்டி எடுக்காம விட்டா வருசம் வெளங்காதுன்னு ராத்திரி பூராம் பொலம்பிக்கிட்டே கெடந்தாரு. எம்மேல இருக்குற பாசத்துல ஒரு தரம் திருகிப் பாத்திருந்தார்னா?"

"கேக்கலையா நீங்க?"

"எப்படி சார் கேக்குறது? எம்புருசன் படுத்தப்ப, பொம்பள கார் ஓட்டுறதான்னு ஊரு பேசுனப்ப, மொத ஆளா என் பக்கம் நின்னவரு சார். அவரப் போயி நீங்க பொய் சொல்றீங்களான்னு கேக்க எனக்கு வாய் வரல."

சித்ரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தொறங்க சார். என்ன இருக்கோ பாத்துருவோம்" என்றார்.

ஜமால் பாயின் ஒர்க்‌ஷாப்புக்குக் காரை இழுத்துப் போனோம். மதுரையில் இன்ஜின் திறப்பதில் அவர் கை சுத்தம். வாயும் சுத்தம், யாருக்காகவும் மாற்றிச் சொல்ல மாட்டார். மேடமும் வந்திருந்தார். அதுவரை மேடம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நான் பார்த்ததில்லை. அழைக்காமலே பெரியகருப்பனும் பஸ் ஏறி வந்து ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார். வெள்ளை வேட்டியில் கரி ஒட்டியதை அவர் கவனிக்கவில்லை.

ஜமால் பாய் அடியில் போய் ஆயில் அடைப்பானைக் கழற்றினார். முதலில் தண்ணீர் வந்தது. கலங்கல்தான், ஆனால் வெறும் தண்ணீர். அது நின்றபிறகு ஆயில் வந்தது, கறுப்பாக, தனியாக. "சுப்புண்ணே, பாருங்க, இம்புட்டும் கலக்காம வருது" என்று பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்ஜின் ஓடியிருந்தால் இரண்டும் கலந்து பாலூற்றிய காப்பி நிறத்தில் வந்திருக்கும். எனக்கு மனம் லேசானது. மேடம் என் முகத்தைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிட்டார். "ஓடலைன்னுதான் இது சொல்லுது. ஒரு தரம் திருகிட்டு விட்டிருந்தாலும் இப்படித்தான் வரும். மேல தெறங்க."

மேலே திறக்க மத்தியானமாகிவிட்டது. நாலு பிஸ்டன்களும் தெரிந்தன. இப்போது இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று குட்டையாக நின்றால் அதன் தண்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். பாய் ஸ்பேனரைப் போட்டுச் சுற்றினார். முதல் பிஸ்டன் ஏறி வந்தது. இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து நான் குனிந்து பார்த்தேன். சரியாக இருந்தது. அதோடு ஜோடியாக ஏறும் கடைசிப் பிஸ்டனும் சரி. மறுபடி சுற்றினார். நடுவில் இருந்த இரண்டும் ஏறின. ஸ்கேலுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு நூல் வெளிச்சம்கூட இல்லை.

"நேரா இருக்கு" என்றேன். மேடம் என்னை நகரச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே குனிந்து பார்த்தார். பார்க்காமல் அவர் கையெழுத்துப் போடுகிறவர் இல்லையே.

"நாலும் நேரா இருக்கும்மா" என்று சித்ராவிடம் சொன்னார்.

சித்ரா மேடத்தைப் பார்க்கவில்லை, இன்ஜினையும் பார்க்கவில்லை. நேராக மாமனாரிடம் போய்த் தரையில் உட்கார்ந்து அழுதார். பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏத்தா, நல்ல சேதிக்குப் போயி அழுகுற?" என்றார். பிறகு ஏதோ புரிந்திருக்க வேண்டும். மருமகள் தலையில் கை வைத்தார்.

"நான் திருகியிருப்பேன்னு நெனச்சியா? சாவிய உள்ள போட்டேன் ஆத்தா. பொய் சொல்லக்கூடாது, போட்டேன். திருகப் போகையில அந்தம்மா போன்ல சொன்னது காதுல கேட்டுச்சு. யார் சொன்னாலும் தொடாதீங்கன்னு. நம்ம வண்டி மேல நம்மளவிட அக்கறையா ஒருத்தி, பண்டிகை நாள்ல, அடைமழையில சொல்றாளேன்னு இருந்துச்சு. உருவிட்டேன். அப்பறம்தேன் போயித் தெருவ எழுப்பித் தள்ளச் சொன்னேன்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். ஜமால் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

சென்னை அதிகாரி மறுநாளே சம்மதித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். படங்களைப் பார்த்துவிட்டு மேடத்துக்குப் போன் செய்து, "தள்ளுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். கார் திரும்ப ரோட்டுக்கு வந்தது. என் கடைசி வேலை நாளில் அதே காரில்தான் சித்ரா என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அந்த இன்ஜின் இன்னும் ஓடுகிறது. பெரியகருப்பன் அதற்குப் பிறகு விஜயதசமிக்குச் சாவியைப் போட விடுவதே இல்லை. தெரு கூடித் தள்ளித்தான் பழத்தை நசுக்க வேண்டும். இப்போது அந்தத் தெருவில் மற்ற வண்டிக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். கேட்டால், "எங்க தெரு வழக்கம்" என்கிறார்கள்.

இந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. சாமி கும்பிட்டு முடித்ததும் கவிதாவைக் கூப்பிட்டு, "ஒன் கம்பெனிகளையெல்லாம் எடு. ஒவ்வொரு நம்பருக்கா போன் போடு" என்றேன்.

"லீவுப்பா இன்னிக்கு."

"அதுக்குத்தான்."

முதல் நம்பரில் ஒரு இயந்திரக் குரல், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று எங்களைச் சுற்றவிட்டுக் கடைசியில் கட்டாகிவிட்டது. இரண்டாவது அடித்துக்கொண்டே இருந்தது. என் பழைய கம்பெனியையும் விடவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்ல மாட்டேன், பென்ஷன் வாங்குகிறவன். நான்காவது நம்பரை யாரோ எடுத்தார்கள். சின்னப் பெண்ணின் குரல். பின்னால் பூஜை மணிச் சத்தம் கேட்டது. வீட்டிலிருந்துதான் பேசுகிறாள் போலும்.

நான் போனை வாங்கினேன். "அம்மா, புதுசா பாலிசி எடுக்கலாம்னு இருக்கோம். ஒண்ணு கேக்கணும். ஒருவேளை மழையில கார் முங்கிருச்சுன்னா, நாங்க மொதல்ல என்ன செய்யணும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "மொதல்ல சாவியத் தொடாதீங்க சார்" என்றாள்.

போனைக் காதிலிருந்து இறக்கிக் கவிதாவைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவள், "சார்? லைன்ல இருக்கீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சுப்பா?" என்றாள் கவிதா.

"ஒண்ணுமில்ல. இவங்ககிட்டயே எடு" என்று போனை அவளிடம் கொடுத்தேன்.